ஆவணி தாண்டாத ஆட்டம்

எதிர்வீட்டு ஜன்னலுக்கு இப்போதுதான் கண்ணாடி போடுகிறார்கள். சண்டைக் காலத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் உடைந்தது. இத்தனை வருஷமும் அட்டை, தகரம், சாக்குப் படுதா என்று மாற்றி மாற்றி மறைத்தே வாழ்ந்துவிட்டார்கள். வந்திருக்கும் ஆள் சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, கட்டைவிரலால் சட்டத்தின் ஓரம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போகிறான். ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட்டில் எங்கள் தெருவுக்கு வாசனைக்கா பஞ்சம்? ரயில் கரி, ஙாப்பி என்கிற மீன் விழுது, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் மூக்குக்குப் பழகி, இருப்பதே தெரியாமல் போய்விட்டவை. இந்த எண்ணெய் வாசனை மட்டும் தெருவைத் தாண்டி, மாடியேறி, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றது. அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டேன். இனி அவரைக்காய் நறுக்கி ஆகாது என்று தெரிந்துவிட்டது.

ஹாக்கி மட்டைக்குத் தேய்க்கிற எண்ணெய் அது. சிரிக்காதீர்கள். இந்த முழங்கால்களோடு, மூன்று படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற நான், ஒரு காலத்தில் ஏரிக்கரைக் கல்லூரியின் பெண்கள் அணிக்கு இடது ஓரத்தில் ஓடியவள். நன்றாக ஓடினேன் என்று சொல்லவில்லை. ஓடினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். ரங்கூன் மழையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. நம் ஊர் மழை வரும், பெய்யும், போகும். இங்கே மழை குடிவரும். சாமான் சட்டியோடு வந்து இறங்கி, சுவரில் பாசியும் செருப்பில் பூஞ்சையுமாக ஐந்து மாசம் நம்மோடு சாப்பிட்டு, நம்மோடு படுத்து எழும். வெயில் காலத்தில் தரை கட்டாந்தரையாகிவிடும் என்பதால் எங்கள் ஹாக்கி இந்த மழைக்குள்தான். மழை பிறக்குமுன் மிஸ் எங்களை வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்து மட்டைகளுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்வாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சோறு, குழம்பு, விரல் எல்லாவற்றிலும் இந்த வாசனைதான்.

மிஸ் என்றால் விளையாட்டு டீச்சர். அப்பா வெள்ளைக்காரர், அம்மா பர்மாக்காரி. இரண்டு பக்கத்து விருந்துக்கும் கூப்பிடாத பிறப்பு. அவளுக்கு உறவு, ஊர் எல்லாமே அந்த மைதானம்தான். எங்கள் உடுப்பை அவளே தைத்தாள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் காக்கிப் பாவாடை, உள்ளே கணுக்கால்வரை கால்சட்டை. புடவையோடும், பர்மாக்காரிகள் இடுப்பில் சுற்றும் தமேய்னோடும் ஓடி விழுந்து பல் உடைந்த பிறகு வந்த ஏற்பாடு. மழையில் நனைந்தால் அந்தப் பாவாடை ஒன்றொன்றும் ஈரமூட்டை. அதை உலர்த்தின கதை ஒன்று உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன்.

மைதானம் எங்களுக்கும் பையன்களுக்கும் பொது. பொது என்றால் பையன்களுக்கு என்று அர்த்தம். எங்கள் கோல் காப்பவள் மா சீன், மார்க்கெட்டில் பட்டுக்கடை வைத்திருந்தவரின் மகள். பக்கத்துக் கடைகளில் பொறுக்கிய பஜார் தமிழை எங்களிடம் தாராளமாகச் செலவழிப்பாள். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் எங்கள் பாவாடைகளையெல்லாம் வாங்கி, பிழிந்து, இரண்டு பக்கத்துக் கோல் கம்பத்தின் மேல்கட்டையிலும் வரிசையாகத் தொங்கவிட்டாள். பெண்கள் இடுப்புக்குக் கீழே கட்டின துணிக்கு அடியில் ஆண்கள் நடந்தால் அவர்களுடைய தேஜஸ் குறைந்துவிடும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. பையன்கள் வந்தார்கள். பார்த்தார்கள். அவர்களுடைய கோல்காரன் கம்பத்துக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

"எடுத்துடு, மா சீன்."

"காயலியே. காஞ்சதும் எடுக்கறேன்."

"எப்போ காயும்?"

"மழை நின்னா."

துணியை எடுத்த பிறகும் சில நாள் அந்தக் கம்பத்துக்கு அடியில் நிற்க ஒருவனும் வரவில்லை. மைதானம் எங்களுடையதாயிற்று. அந்த ஆனி மாசத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பில்தான் இப்படி எல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது போலும். பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

சௌந்தரத்துக்கு ஓலை வந்துவிட்டது.

சௌந்தரம் எங்கள் அணியின் நடுமுன்னணி. நான் ஓடுவேன் என்றேனே, அவள் ஓடமாட்டாள். நடப்பாள். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னாலேயே போய், ஏதோ கடைக்கு வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருப்பாள். பந்து வரும். ஒரு திருப்பு, ஒரு அடி, கோலின் பின்பலகையில் 'டப்'பென்று சத்தம். அடித்த பிறகு முகத்தில் சந்தோஷம்கூடத் தெரியாது. வகுப்பில் அவள் கணக்கு முடித்துப் பேனாவை மூடுவதும் அதே மாதிரிதான்.

அவளுக்கு அம்மா இல்லை. ஆற்றோர அரிசி ஆலை ஒன்றில் அப்பா தலைமைக் குமாஸ்தா. மூடிய கோட்டு, தலைப்பாகை, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை. ஆலையில் அவர் வாயால் ஒன்று சொல்லிவிட்டால் யாரும் எழுதி வாங்கமாட்டார்கள் என்பார்கள். அந்த வாய் பல வருஷத்துக்கு முன்னால், சௌந்தரம் தொட்டிலில் கிடந்தபோதே, நாகப்பட்டினத்து மைத்துனருக்கு ஒரு சொல் கொடுத்திருந்தது. பெண் உனக்குத்தான் என்று. தாய்மாமன் கெட்டவர் இல்லை. கடை வைத்திருந்தார், காத்திருந்தார். இனிமேல் காத்திருக்க முடியாது, ஆவணியில் முடித்துவிடலாம் என்று எழுதிவிட்டார்.

சௌந்தரம் அழவில்லை. "பரீட்சை மட்டும் எழுதிட்டுப் போறேன்னா விடமாட்டேங்கறாங்கடி" என்றாள், மட்டையின் பிடியில் துணி சுற்றிக்கொண்டே. அவ்வளவுதான் அவள் கேட்டது. படிப்பு வருஷக் கடைசியில் வருகிற பரீட்சை. அதை எழுதிவிட்டால், பேருக்குப் பக்கத்தில் பட்டத்தின் எழுத்து ஒன்றும் ஒட்டிக்கொள்ளாவிட்டாலும், ஆரம்பித்ததை முடித்தவளாகக் கப்பல் ஏறலாம்.

மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கேடயப் போட்டி தொடங்கப்போகிறது, நடுமுன்னணியை எடுத்துவிட்டால் அணியே இல்லை, நாங்கள் தோற்று வெளியேறும்வரைக்குமாவது அவள் இருக்கட்டும் என்று கேட்டாள். அவர் எங்களுக்குக் காப்பி கொடுத்து, யோசித்து, லேசாகச் சிரித்தார்.

"எத்தனை ஆட்டம் ஆடுவீங்க? ரெண்டா, மூணா? விளையாட்டு முடியறவரைக்கும் இருக்கட்டும். சொல்லிட்டேன்."

அந்த 'சொல்லிட்டேன்' போதும் எங்களுக்கு. தோற்றால் வெளியே என்கிற போட்டி அது. ஜெயித்தால் சௌந்தரத்துக்கு இன்னும் கொஞ்ச நாள். அதன்பின் நாங்கள் ஆடினது ஆட்டமா? கேடயம் வட்டமா சதுரமா என்றுகூட ஒருத்திக்கும் கவலையில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுகளோடு ஆடினோம். பாவம், முந்தின ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்திருந்தார்கள், ஆனால் இரக்கப்பட எங்களுக்கு நேரமில்லை. டீச்சர் பயிற்சிப் பள்ளிப் பெண்களோடு ஆடினோம். மா சீனுக்குப் புருவத்தில் தையல் விழுந்தது. எனக்கு இந்த இடது முழங்கால், மழை வருமுன் இன்றைக்கும் செய்தி சொல்கிற இதே முழங்கால், அன்றைக்குப் போனதுதான். ஜெயித்தோம்.

சௌந்தரத்தின் அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார். மைதான ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் குடையோடு நிற்பார். முதல் ஆட்டத்தில் இடைவேளை விட்டதும் நேரே என்னிடம் வந்தார்.

"முடிஞ்சிடுச்சாம்மா?"

"இல்ல மாமா, பாதிதான்."

"ஓ. இன்னும் பாதியா."

அடுத்த ஆட்டத்தில் 'கார்னர்' என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டார். அதற்கடுத்ததில், நடுவரம்மா ஊதுவதற்கு முன்பே அவர் மரத்தடியில் 'ஃபவுல், ஃபவுல்' என்றது என் காதில் விழுந்தது.

கடைசி ஆட்டம் ரயில்வே குடியிருப்புப் பெண்களோடு. ஆவணி பிறந்திருந்தது. பயிற்சி முடிந்து, மைதானத்துக்கு வெளியே மொஹிங்கா விற்கிற அம்மாளிடம் கிண்ணம் வாங்கிக்கொண்டு குந்தியிருக்கிறோம். சூடான மீன்குழம்பில் வாழைத்தண்டு மிதக்கிறது. மா சீன் திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏய். இது கடைசி ஆட்டம்."

"ஆமா."

"ஜெயிச்சாலும் முடிஞ்சுபோச்சு. தோத்தாலும் முடிஞ்சுபோச்சு."

யாருக்கும் அது அதுவரை தோன்றவேயில்லை. ஜெயிக்கிற வேகத்தில் எங்கே போய்ச் சேர்கிறோம் என்று பார்க்கவில்லை. சௌந்தரம் மட்டும் தலை நிமிராமல் குழம்பைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கும். கணக்குக்காரி.

"ரெண்டும் வேணாம்" என்றாள் மா சீன். "சமமா நிப்போம். சமம்னா அடுத்த சனிக்கிழமை திரும்ப ஆடணும். அது ரூல்."

எங்களுக்குள் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவள் நான்தான். கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பஞ்சாங்கம் எதற்கு என்று கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கற்றது. நான் சொன்னேன்: ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்குப் போய்ச் சேருகிற கப்பலைத் தவறவிட்டால் போதும். புரட்டாசியில் கல்யாணம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல், அவள் அப்பா பெண்ணைக் கப்பலேற்றமாட்டார். மார்கழி கூடவே கூடாது. தை பிறக்கும்போது பரீட்சை வாசலில் நிற்கும். இவ்வளவு இருந்துவிட்டாய், எழுதிவிட்டே போ என்று அவரே சொல்வார். கல்லூரியில் படித்த தர்க்க சாஸ்திரத்தை நான் பயன்படுத்தினது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

முதல் சனிக்கிழமை ஆளுக்கொரு கோல். அடுத்த சனிக்கிழமை ஒன்றுமே இல்லை. தோற்க ஆடுவது சுலபம், ஜெயிக்க ஆடுவதும் ஒருமாதிரி சுலபம். ஜெயிக்காமலும் தோற்காமலும் ஆடிப் பாருங்கள். எதிராளி கோலை நோக்கி உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், கம்பத்தருகே போனதும் காலில் எதுவோ தடுக்கினாற்போல் ஆகிவிட வேண்டும். மிஸ்ஸுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விசிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ரயில்வே அணியின் தலைவி மேபல். அவளுடைய குடும்பம் போத்தனூரிலிருந்து வந்த எஞ்சின் டிரைவர் குடும்பம், அதனால் தமிழ் அவள் வாயில் தண்டவாளத்தில் ஓடுகிற மாதிரி தடதடவென்று வரும். இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் லெமனேட் பாட்டிலோடு எங்கள் பக்கம் வந்தாள்.

"என்னா மேன், ஆளே இல்லாத கோல். நீ வெளியே அடிக்கிறே. கண்ணு பொட்டையா? இல்லே எங்கள பாத்து நக்கலா?"

மா சீன் சொன்னாள். பஜார் தமிழில், ஆறே வாக்கியத்தில். மேபல் பாட்டிலின் கோலிக்குண்டை நாக்கால் உருட்டிக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு சௌந்தரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணா? எனக்கு மூணு கோல் போட வேண்டிய பொண்ணு." பாட்டிலைக் கீழே வைத்தாள். "கப்பல் என்னிக்கு?"

"வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த வாரம். ஒரு ஆட்டம் சமமானா போதும்."

"ஒண்ணுதானே மேன். குடுப்போம். என் முன்னாடி ஆளுங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். கோல்ல நிக்கிறாளே என் தங்கச்சி, அவளுக்குச் சொல்லமாட்டேன். அவளுக்கு நடிக்க வராது."

எதிரணிக்காரி தோளில் தட்டிவிட்டுப் போன அந்த நிமிஷம், ஏனோ, என் வாழ்க்கையின் நல்ல நிமிஷங்களில் ஒன்று. நாடு, நிறம், வேதம் எல்லாம் வேறு வேறான இத்தனை பெண்கள், ஒருத்தி பரீட்சை எழுதுவதற்காக ஒரு பந்தை இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருக்கச் சம்மதித்தார்கள்.

அந்தக் கடைசி சனிக்கிழமை மழை காலையிலிருந்தே விடவில்லை. மைதானம் மைதானமாக இல்லை, ஏரி கரை தாண்டி வந்து படுத்திருந்தது. பந்து உருளாமல் அங்கங்கே நின்று நின்று போயிற்று. அது எங்களுக்கு வசதிதான். நேரம் ஓடியது. நாங்களும் அவர்களும் சேற்றில் புரண்டோம், கத்தினோம், ஒரு கோலும் விழவில்லை. சௌந்தரத்தின் அப்பா குடையை ஒரு தோளில் சாய்த்துவிட்டு, முதுகு நனைவது தெரியாமல் எல்லைக்கோடுவரை வந்துவிட்டார். நடுவரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், வந்துவிட்டது தை என்று நினைத்தேன்.

மேபல் பந்தைத் தன் கோல் பக்கத்திலிருந்து தூரமாக அடித்தாள். அது போகவில்லை. கோலுக்கு முன்னால் இருக்கிற அரைவட்டத்தின் விளிம்பில் எப்போதும் தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளத்தில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நின்றுவிட்டது. அங்கே யார் நிற்பாள்? கடைக்கு வந்தவள் மாதிரி சௌந்தரம் நின்றுகொண்டிருந்தாள்.

நாங்கள் எல்லாரும் நின்றோம். அவள் அதை வெளியே தள்ளிவிடுவாள், விசில் ஊதும், மொஹிங்கா சாப்பிடப் போவோம். மேபலின் தங்கை ஒருத்திதான் கோலில் குனிந்து, கைகளைக் கோத்து, நிஜமாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

சௌந்தரம் பந்தைப் பார்த்தாள். மழை அவள் நெற்றியிலிருந்து மூக்கு நுனிக்கு இறங்கிச் சொட்டியது. பிறகு அவளுடைய தோள் திரும்பியது. அந்தத் திருப்பத்தை எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். "வேணாம்டி" என்று யாரோ கத்தினார்கள், நானாக இருக்கலாம். மட்டை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பந்தோடு பள்ளத்துத் தண்ணீர் முழுதும் ஒரு வெள்ளை விசிறியாக எழுந்தது. மேபலின் தங்கை பாய்ந்தாள், உண்மையாகவே, உடம்பு முழுவதும் நீண்டு பாய்ந்தாள். அவள் விரலுக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடத்தில் அது போயிற்று. பின்பலகையில் சத்தம்.

முதலில் கத்தினது அவள் அப்பா. "கோல்! கோல்! சௌந்தரம்!" குடையை வானத்தில் எறிந்துவிட்டார். தலைப்பாகை சரிந்து கழுத்தில் விழுந்தது. ஒரு தலைமைக் குமாஸ்தா சேற்றில் குதிப்பதை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் அவர் மட்டும்தான் கத்திக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கே தெரிந்தது. கை இரண்டும் மேலே நின்றபடியே நின்றுவிட்டார். மைதானத்தில் மழைச் சத்தம்தான்.

விசில் ஊதிற்று. மேபல் உட்கார்ந்துவிட்டாள், தோற்றதற்காக இல்லை.

கேடயத்தை யார் வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள் ஒன்றும் நினைவில்லை. அவர் என்னிடம் வந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது. குடையின் கம்பி வளைந்திருந்தது. அதை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்.

"இன்னும் ஒரு வாரம் போயிருக்கலாமேம்மா."

இவருக்குத் தெரியும். எத்தனை சனிக்கிழமையாகவோ தெரியும். எங்களோடு சேர்ந்து இவரும் புரட்டாசியை எதிர்பார்த்து மழையில் நின்றிருக்கிறார்.

"நீங்க வேணாம்னு சொன்னா முடியாதா மாமா?"

"அங்கயும் சொல்லிட்டேன். இங்கயும் சொல்லிட்டேன். விளையாட்டு முடிஞ்சுபோச்சே பாப்பா."

மனிதர்களைத் திட்டித் தீர்த்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு சுகம். அவரைத் திட்ட எனக்கு அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

ஜெட்டிக்கு அணி முழுக்க வந்திருந்தது. மேபலும் அவள் தங்கையும்கூட. சௌந்தரம் பட்டுப்புடவையில் யாரோ மாதிரி இருந்தாள். கூலிகளும் பெட்டிகளும் அழுகைகளும் நெரிக்கிற அந்த இடத்தில் அவளை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"ஏண்டி அடிச்சே?"

"பந்து வந்துச்சு."

"வந்தா?"

"வந்து நின்னுச்சுடி. கண்ணு முன்னால. வெளியே தள்ளலாம்னுதான் நெனச்சேன். கை கேக்கல." புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "நீங்கள்லாம் எனக்காகத் தப்புத் தப்பா ஆடினீங்க. நல்லா ஆடத் தெரிஞ்சவங்க. அதைப் பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவையாவது சரியா அடிக்காம எப்படிடி போறது?"

கப்பல் சங்கு ஊதியது. பலகைமேல் ஏறினவள் பாதியில் திரும்பி, பின்னால் வருகிறவர்களை நிறுத்திவிட்டு, அத்தனை கூட்டத்துக்கும் மேலே கத்திக் கேட்டாள்.

"அடி நல்லா இருந்துச்சா?"

மா சீன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். மேபல் விரல்களை வாயில் வைத்து சீட்டி அடித்தாள். நான் ஏதோ சொன்னேன். எது காதில் விழுந்ததோ தெரியாது, சிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்தான், இன்னொன்று பிறந்தது என்று அவள் அப்பா வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த மழைக்காலத்திலும் அதற்கடுத்ததிலும், யாரும் கூப்பிடாமலே, அவர் அந்த மரத்தடிக்கு வந்து தெரியாத பெண்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை வந்தபோது வடக்கே, இந்தியாவுக்கு நடந்து போன கூட்டத்தில் அவர் போனார். மிஸ்ஸும் அந்தப் பாதையில்தான் போனாள். போய்ச் சேர்ந்ததாக ஒருவரைப் பற்றியும் செய்தியில்லை. மா சீன், குண்டு விழுந்த முதல் நாளில் கடைத்தெருவில் இருந்தாள். மேபலும் தங்கையும் பர்மா சுதந்திரம் வாங்கின பிறகு எந்தத் தேசத்துக்கோ கப்பலேறிவிட்டார்கள். கேடயத்தை ஜப்பான்காரன் உருக்கினான் என்கிறார்கள். மைதானத்தில் முதலில் லாரிகள் நின்றன, இப்போது ஊர் இழந்து வந்தவர்களின் குடிசைகள். தண்ணீர் தேங்குகிற அந்தப் பள்ளத்தை மேடாக்கி ஒரு குடும்பம் அடுப்பு வைத்திருக்கிறது. நாகப்பட்டினத்துக்கு எழுதின கடிதங்களுக்குப் பதில் இல்லை. சௌந்தரம் இருக்கிறாளா என்று சொல்ல ஆளில்லை.

அந்த அடியைப் பார்த்தவர்களில் இந்த ஊரில் மிச்சம் இப்போது நான் ஒருத்திதான்.

நல்ல அடி. அதைவிட நல்ல அடியை நான் பார்க்கவில்லை.